குழந்தைக்குப் பிறகு மறுபடி வேலை: நேரக் கணக்கிலிருந்து தொடங்குங்கள்

கல்யாணம், பிரசவம், பிள்ளை வளர்ப்பு என்று நாலைந்து வருடம் வீட்டில் இருந்துவிட்டு மறுபடி வேலைக்குப் போக நினைக்கும் பெண்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "என்ன கோர்ஸ் படிக்கலாம்?" என்பதைத்தான். உண்மையில் அது நான்காவதாக வர வேண்டிய கேள்வி. ஒரு நாளில் எந்த மணியிலிருந்து எந்த மணி வரை வீட்டை விட்டு நிம்மதியாக வெளியே இருக்க முடியும் என்பது முதலில் தெரிய வேண்டும். இது தெரியாமல் சேர்ந்த வேலை இரண்டு மூன்று மாதத்தில் கைவிட்டுப் போகிறது. "அவளுக்கு வேலைக்குப் போகிற பொறுமை இல்லை" என்று பழி அந்தப் பெண் மேல் விழுகிறது. பொறுமை இருக்கத்தான் செய்தது. கணக்குப் போடாமல் இறங்கியதுதான் பிரச்சினை.

கீழே உள்ளவை தமிழ்நாட்டின் மாவட்டத் தலைநகர், தாலுகா ஊர் அளவிலான இடங்களை மனதில் வைத்துச் சொன்னவை. சென்னை, கோவையில் வாய்ப்பும் கூடுதல், பயண நேரமும் கூடுதல். ஆனால் திட்டமிடும் முறையில் மாற்றமில்லை.

ஒரு வாரம் எழுதுங்கள்

சின்ன நோட்டு ஒன்று எடுத்து, காலை 5 மணியிலிருந்து இரவு 10 மணி வரை அரை மணிக்கு ஒரு வரி என்று கோடு போடுங்கள். ஏழு நாளும், ஞாயிறு உட்பட, என்ன செய்தீர்கள் என்று அன்றன்றைக்கே எழுதுங்கள். 'வீட்டு வேலை' என்று மொத்தமாக எழுதினால் பயனில்லை. தண்ணீர் பிடித்தது, மாவு அரைத்தது, ஸ்கூல் வேனுக்குத் தெருமுனையில் நின்றது, மாமியாருக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தது, சிலிண்டர்காரருக்காகக் காத்திருந்தது என்று தனித்தனியாக வர வேண்டும். உங்கள் தெருவில் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வருமென்றால் அந்த நாளின் காலையே வேறு மாதிரி இருக்கும். அதனால்தான் ஒரு நாள் போதாது, ஏழு நாள் வேண்டும்.

எட்டாம் நாள் மூன்று கலர் பேனா எடுத்துக்கொள்ளுங்கள். நான்தான் செய்ய வேண்டும், அந்த நேரத்தில்தான் செய்ய வேண்டும் என்பவற்றுக்குச் சிவப்பு. நான் செய்ய வேண்டும், ஆனால் வேறு நேரத்திலும் செய்யலாம் என்றால் பச்சை. யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்றால் நீலம். நினைத்ததைவிடச் சிவப்பு குறைவாகத்தான் இருக்கும். நீலம் நிறைய இருக்கும், அதையெல்லாம் இதுவரை நீங்களே செய்து வந்திருப்பீர்கள்.

இப்போது பகலில் தொடர்ச்சியாகச் சிவப்பு இல்லாத பெரிய இடைவெளியைத் தேடுங்கள். பிள்ளையை ஏற்றிப்போகும் வேன் காலை 8:20க்கு வந்து மாலை 4:10க்குத் திரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் இடைவெளி 8:30 முதல் 4:00 வரை, ஏழரை மணி நேரம். போக 45 நிமிடம், வர 45 நிமிடம் என்றால் வேலைக்கு மிஞ்சுவது ஆறு மணி நேரம். ஆபீஸ் நேரம் 9:30 முதல் 6:30 என்றால் வீடு வந்து சேர 7:15 ஆகும். 4:10க்கு இறங்கும் பிள்ளைக்கும் 7:15க்கும் நடுவே மூன்று மணி நேரத்துக்கு ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் இருந்தால் அந்த வேலைக்கு முயற்சி செய்யலாம். இல்லையென்றால் ஆறு மணி நேர வேலையைத்தான் தேட வேண்டும்.

பயண நேரத்தை போனில் மேப் பார்த்து எடுக்காதீர்கள், பஸ்ஸுக்கு நிற்கும் நேரம் அதில் சரியாக வராது. ஒரு திங்கட்கிழமை காலை, வேலை நேரத்துக்கே அந்த இடத்துக்குப் போய்ப் பாருங்கள். மாலை ஆறரைக்கு அங்கிருந்து கிளம்பிப் பாருங்கள். 2021 மே முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை. ஆனால் உங்கள் ஊர்ப் பக்கம் சாயங்காலம் அந்த பஸ் எத்தனை மணிக்கு, கடைசி நடை எத்தனை மணிக்கு என்று தெரிந்தால்தான் அது கணக்கில் சேரும். கடைசி பஸ் 7 மணிக்கு என்றால், 6:30க்கு விடுவதாகச் சொல்லி 6:50க்கு விடும் ஆபீஸில் நீங்கள் தினமும் பதறிக்கொண்டிருப்பீர்கள்.

கையில் நிற்கும் பணம்

சம்பளத் தொகையை வைத்து முடிவெடுக்காதீர்கள். ஒரு மணி நேரத்துக்குக் கையில் என்ன நிற்கிறது என்று பாருங்கள். மாதம் 15,000 சம்பளம், அதில் பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) பிடிக்கும் பகுதி 10,000 என்று வைத்துக்கொண்டு போட்டுப் பார்ப்போம். பிஎஃப் 12 சதவீதம், 1,200. ஈஎஸ்ஐ (தொழிலாளருக்கான மருத்துவக் காப்பீடு) மொத்தச் சம்பளத்தில் 0.75 சதவீதம், 113. கைக்கு வருவது 13,687. குழந்தைக் காப்பகத்துக்கு 3,000, பஸ்ஸுக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் 900, அவசரத்துக்கு வெளியே வாங்கும் மாவு, டிபன் இதெல்லாம் 1,000, துணி, செருப்பு, போன் ரீசார்ஜ் 600. மிச்சம் 8,187. வீட்டை விட்டு வெளியே இருப்பது நாளுக்கு பத்து மணி நேரம், மாதம் 25 நாள், ஆக 250 மணி நேரம். மணிக்கு 33 ரூபாய்கூட முழுதாக நிற்கவில்லை.

பக்கத்துத் தெருவில் அரை நாள் வேலை, 8,000 சம்பளம், நடந்தே போகலாம், பிள்ளை பள்ளியில் இருக்கும் நேரம்தான் என்றால், மாதம் 300 ரூபாய் செலவு போக 7,700 நிற்கும். ஐந்து மணி நேரம், 25 நாள், 125 மணி நேரம். மணிக்கு 61 ரூபாய்க்கு மேல்.

இதைப் பார்த்ததும் அரை நாள் வேலையே சிறந்தது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. முதல் வேலையில் நீங்கள் போடும் 1,200க்கு நிறுவனமும் 1,200 போடுகிறது. இந்த 2,400ஐயும் சேர்த்தால் மணிக்கு 42 ரூபாய் ஆகிறது. ஈஎஸ்ஐ இருந்தால் உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் மருத்துவம், இன்னொரு பிரசவம் வந்தால் சம்பளத்தோடு விடுப்பு. இவற்றையெல்லாம்விட முக்கியமானது, மூன்று வருடம் கழித்து எந்த வேலை உங்களை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பது. அரை நாள் வேலை அப்போதும் அதே 8,000, 9,000த்தில் நிற்குமா? முதல் வேலையில் தொழில் கற்று 22,000க்குப் போக வழி உண்டா? அதே இடத்தில் மூன்று வருடம் முடித்தவர்கள் இப்போது என்ன வாங்குகிறார்கள் என்று விசாரித்தால் பதில் கிடைத்துவிடும். பிள்ளைக்கு இரண்டு வயதா, எட்டு வயதா என்பதைப் பொறுத்தும் முடிவு மாறும். காப்பகச் செலவு சில வருடத்தில் நின்றுவிடும், அனுபவம் கூடிக்கொண்டே போகும்.

வீட்டில் உங்கள் சம்பளத்தை நம்பித்தான் வாடகை கட்ட வேண்டும் என்ற நிலை இருந்தால் வரிசையே வேறு. அப்போது முதலில் கிடைக்கும் நேர்மையான வேலையில் சேர்ந்துவிட்டு, இந்தக் கணக்கை அடுத்த வேலைக்குப் போடுங்கள்.

பிள்ளையை யார் பார்ப்பது

வேலையை விட்டவர்களிடம் காரணம் கேட்டால் பெரும்பாலும் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த ஒரு வாரத்தில்தான் வந்து நிற்கும். ஆகவே ஓர் ஆள் போதாது, மூன்று பேர் வேண்டும். தினமும் பார்ப்பவர் ஒருவர். அவருக்கு முடியாதபோது முந்தின நாள் சொன்னால் வருபவர் ஒருவர். அரை மணியில் ஓடி வரக்கூடியவர் ஒருவர். மூன்றாவது ஆள் பெரும்பாலும் பக்கத்து வீட்டு அக்காவோ, அதே வேனில் போகும் இன்னொரு பிள்ளையின் அம்மாவோதான். அவர்களிடம் முன்கூட்டியே பேசி வைத்து, அவர்கள் பிள்ளைக்கு நீங்களும் ஒருநாள் அப்படி நிற்பதாகச் சொல்லுங்கள். ஓசியில் கேட்கும் உதவி இரண்டு தடவைக்கு மேல் வராது.

அங்கன்வாடியில் 2 வயது முதல் பிள்ளையை விடலாம், சத்தான சாப்பாடும் கிடைக்கும். ஆனால் அது பிற்பகல் வரைதான். அதை மட்டும் நம்பி முழுநேர வேலைக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் குழந்தைக் காப்பக வசதி இருக்க வேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பார்க்க விட வேண்டும் என்பது சட்டம். இருக்கிறது என்று சொன்னால் உள்ளே போய்ப் பாருங்கள். பூட்டிக் கிடக்கும் அறைக்குப் பெயர்ப்பலகை மட்டும் மாட்டியிருப்பதும் உண்டு.

பள்ளி விடுமுறைகளைக் காலண்டரில் குறியுங்கள். காலாண்டு, அரையாண்டு, பொங்கல், பிறகு ஏப்ரல் கடைசியிலிருந்து முழுப்பரீட்சை லீவு. இவை தெரிந்தே வருபவை, ஊரிலிருந்து அம்மாவையோ சித்தியையோ வரவழைக்கலாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வரும் மழை லீவுதான் சிக்கல். கலெக்டர் அறிவிப்பு முந்தின இரவு வரும், சில நாள் காலை ஆறரைக்கு வரும். பள்ளிக்கு லீவு, உங்கள் ஆபீஸுக்கு லீவு இல்லை. கடலூர், நாகப்பட்டினம், தூத்துக்குடி பக்கம் இருப்பவர்கள் இதற்கென்றே உங்கள் சொந்த லீவில் நாலைந்து நாளை ஒதுக்கி வையுங்கள், வருட ஆரம்பத்திலேயே எல்லாவற்றையும் எடுத்துத் தீர்த்துவிடாதீர்கள்.

கணவரிடம் பேசும்போது "கொஞ்சம் ஹெல்ப் பண்ணுங்க" என்று பொதுவாகச் சொன்னால் எதுவும் நடக்காது. நோட்டில் நீலம் அடித்த வேலைகளைக் காட்டி, காலை டிபன் பாக்ஸ் கட்டுவது உங்களுடையது, செவ்வாய், வியாழன் பிள்ளையை அழைத்து வருவது உங்களுடையது என்று பெயர் போட்டு எழுதுங்கள். வேலைக்குச் சேரும் முன்பே இரண்டு வாரம் இதை ஓட்டிப் பார்க்க வேண்டும். சேர்ந்த பிறகு ஆரம்பித்தால், முதல் வாரக் குழப்பம் முழுக்க உங்கள் வேலையின் தலையில் விழும்.

வேலைகளுக்கும் காலண்டர் உண்டு

பெரும்பாலோர் வேலையின் தினசரி நேரத்தை விசாரிக்கிறார்கள், வருடத்தில் எப்போது கழுத்தை நெரிக்கும் என்று விசாரிப்பதில்லை.

ஆடிட்டர் ஆபீஸையும் கடைக் கணக்கு வேலையையும் எடுத்துக்கொள்ளுங்கள். மாதம் 7ஆம் தேதிக்குள் டிடிஎஸ் (முன்கூட்டியே பிடித்த வருமான வரி) கட்ட வேண்டும். ஜிஎஸ்டிக்கு, 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனைக் கணக்கு, 20ஆம் தேதி 3பி என்ற வரிக் கணக்கு. ஆகவே 8 முதல் 11 வரையும் 16 முதல் 20 வரையும் சாயங்காலம் நேரத்துக்குக் கிளம்ப முடியாது. கடைக்காரர் பில்களைக் கடைசி நாள் பையில் போட்டுக் கொண்டுவந்து கொடுப்பார், அவற்றில் பாதியில் ஜிஎஸ்டி எண் தப்பாக இருக்கும். 21க்குப் பிறகு மூச்சு விடலாம். வருடத்தில் ஜூலையும் செப்டம்பரும் மிகக் கனமான மாதங்கள். இது தெரிந்தால் திட்டமிட முடியும். மாமியாரை மாதத்தில் அந்த ஒன்பது நாள் மட்டும் 4 மணிக்கு வேனடியில் நிற்கச் சொல்லலாம். பிள்ளை உள்ளவர்களுக்கு இந்தத் தொழில் நன்றாகப் பொருந்த இன்னொரு காரணமும் உண்டு. ஓர் ஆடிட்டர் ஆபீஸில் ஒன்று ஒன்றரை வருடம், சம்பளம் குறைவானாலும், இருந்து கற்றுக்கொண்டால், பிறகு மூன்று நான்கு கடைகளின் கணக்கை வீட்டிலிருந்தே எழுத முடியும். பி.காம் இருந்தால் நல்லது, இல்லாமலும் டேலி (கணக்கு எழுதும் மென்பொருள்) நன்றாகத் தெரிந்து இந்த இடத்துக்கு வந்தவர்கள் உண்டு.

தனியார் பள்ளி ஆசிரியர் வேலை பிள்ளையின் விடுமுறையோடு அப்படியே பொருந்தும். சம்பளம் குறைவு, பரீட்சைத் தாள் வீட்டுக்கு வரும். இரண்டு விஷயம் கட்டாயம் கேளுங்கள்: மே மாதச் சம்பளம் உண்டா, உங்கள் பிள்ளைக்குக் கட்டணச் சலுகை உண்டா. இரண்டாவது பெரிய தொகையாக இருக்கலாம், அதைச் சம்பளத்தோடு கூட்டிப் பாருங்கள். பி.எட். இரண்டு வருடப் படிப்பு, அதற்குப் பிறகு டெட் என்ற ஆசிரியர் தகுதித் தேர்வு 150 மதிப்பெண்ணுக்கு. இப்போதே பி.எட். கையில் இல்லாதவர் 'பள்ளிக்கூட வேலை வசதி' என்பதற்காக மட்டும் அதில் இறங்குவது எல்லோருக்கும் சரிப்படாது.

டாக்டர் கிளினிக், மெடிக்கல், சின்ன லேப் இவற்றில் ஆள் தேவை எப்போதும் இருக்கும். ஆனால் நம் ஊர்க் கிளினிக்குகள் காலை பத்து முதல் ஒன்று, பிறகு மாலை ஐந்து முதல் ஒன்பது என்று இரண்டு வேளையாக ஓடுகின்றன. பிள்ளை வீட்டில் இருக்கும் நேரம் முழுக்க நீங்கள் அங்கே இருப்பீர்கள். காலை வேளைக்கு மட்டும் எடுத்துக்கொள்வார்களா என்று கேளுங்கள். பெரிய மருத்துவமனையில் ஷிப்ட் முறை உண்டு, காலை ஷிப்ட் நிரந்தரமாகத் தருவார்களா, சுற்றில் வருமா என்பதை எழுத்தில் வாங்க முடிந்தால் நல்லது.

ஜவுளிக்கடையில் ஞாயிறும் ஆடி, தீபாவளி, பொங்கலும்தான் உச்சம், அதாவது வீட்டில் எல்லோரும் இருக்கும் நாட்களில் நீங்கள் இருக்க மாட்டீர்கள். நின்றே வேலை செய்பவர்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021இல் சட்டம் திருத்தியது. நேர்காணலுக்குப் போகும்போது கவுண்டருக்குப் பின்னால் ஸ்டூல் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

இ-சேவை மையத்தில் மே, ஜூன், ஜூலை மூன்று மாதமும் சாதிச் சான்று, வருமானச் சான்றுக் கூட்டம். மற்ற மாதங்கள் சாதாரணம். டியூஷன் எடுப்பது வீட்டிலேயே நடக்கும், ஆனால் அதன் நேரம் மாலை ஐந்து முதல் எட்டு. உங்கள் பிள்ளை பாடம் படிக்கும் நேரமும் அதுவே. அவனையும் அந்த வகுப்பிலேயே உட்கார வைக்கும் வயது வந்த பிறகு தொடங்கினால் எளிது. பின்னலாடை, ஸ்பின்னிங் மில் வேலைகளில் வேன் வசதி, பிஎஃப், ஈஎஸ்ஐ உண்டு. ஷிப்மென்ட் நெருங்கும்போது ஓவர்டைம் கேட்பார்கள். மறுத்தால் என்ன ஆகும் என்பதை ஏற்கெனவே அங்கே இருக்கும் பெண்களிடம் கேளுங்கள்.

அரசுத் தேர்வுக்குப் படிப்பதென்றால்

வீட்டில் இருக்கும் பட்டதாரிப் பெண்ணுக்குச் சொல்லப்படும் முதல் யோசனை "குரூப் 4 எழுது" என்பதே, அதாவது டிஎன்பிஎஸ்சி நடத்தும் குரூப் 4 தேர்வு. நல்ல யோசனைதான், கெடு வைத்துக்கொண்டால். 2025இல் முதலில் அறிவித்த இடங்கள் 3,935, விண்ணப்பித்தவர்கள் 13 லட்சத்துக்கு மேல். இது உங்களை பயமுறுத்தச் சொல்வதல்ல, ஐந்து வருடத்தை இதற்கு மட்டும் கொடுத்துவிட்டு முப்பத்தெட்டு வயதில் அனுபவமும் இல்லாமல் நிற்கக் கூடாது என்பதற்காகச் சொல்வது.

தேர்வின் அமைப்பைப் பாருங்கள். 200 கேள்வி, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். ஒரு கேள்விக்கு 54 வினாடி. இதில் தமிழ் 100 கேள்வி, பொது அறிவு 75, கணக்கும் திறனறிவும் 25. தமிழில் 150க்கு 60 எடுக்காவிட்டால் மீதிப் பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். 60 என்பது தகுதிக்கு, இடம் கிடைப்பதற்கு அல்ல. தமிழில் தொண்ணூறு கேள்விக்கு மேல் சரியாகப் போடுபவர்களோடுதான் போட்டி. ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையான பள்ளித் தமிழ்ப் புத்தகங்களை வரி விடாமல் படிப்பதிலிருந்து தொடங்குங்கள். இங்கே பிள்ளை உள்ளவர்களுக்கு ஒரு வசதி, மகனோ மகளோ ஆறாவது ஏழாவது படித்தால் புத்தகம் வீட்டிலேயே இருக்கிறது. கணக்குக்கு தினம் அரை மணி ஒதுக்குங்கள். தள்ளிப்போட்டால் கடைசி மாதத்தில் வராது.

வயது வரம்பு பிரிவுக்குப் பிரிவு மாறும். பத்தாம் வகுப்புக்கு மேல் படித்த பிற்படுத்தப்பட்ட, பட்டியல் பிரிவுப் பெண்களுக்கும் ஆதரவற்ற விதவைகளுக்கும் பல பதவிகளில் உச்ச வயது தளர்வு உண்டு. பெண்களுக்கு 30 சதவீத இடம், அதற்குள் பத்து சதவீதம் ஆதரவற்ற விதவைகளுக்கு. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீதம். தமிழ் வழியில் படித்தீர்களென்றால் அந்தச் சான்றிதழைப் பள்ளியிலிருந்து இப்போதே வாங்கி வைத்துவிடுங்கள். பள்ளி தூரத்து ஊரில் இருந்தால் விண்ணப்பக் கடைசித் தேதியில் ஓட முடியாது.

இதோடு டைப்ரைட்டிங் கற்றால் குரூப் 4லேயே தட்டச்சர் பதவிக்கும் கதவு திறக்கும், அங்கே போட்டி குறைவு. தமிழ், ஆங்கிலம் இரண்டும் வேண்டும். இரண்டிலும் சீனியர், அல்லது ஒன்றில் சீனியர், மற்றதில் ஜூனியர். ஆங்கில ஜூனியருக்கு நிமிடத்துக்கு 30 வார்த்தை, சீனியருக்கு 45. அரசுத் தட்டச்சுத் தேர்வு பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் நடக்கும். தினம் ஒரு மணி நேரம் இன்ஸ்டிடியூட்டுக்குப் போனால் போதும், ஆனால் விட்டுவிட்டுப் போனால் விரல் நிற்காது. ஆகஸ்டில் எழுத நினைப்பவர் பிப்ரவரி, மார்ச்சிலேயே சேர்ந்துவிட வேண்டும்.

கெடு என்று சொன்னது இது: இரண்டு தேர்வு. முதலாவதில் தமிழில் 120க்கும் மொத்தத்தில் 220க்கும் கீழே இருந்தால், இரண்டாவதோடு நிறுத்திக்கொண்டு வேறு வேலையில் சேருங்கள். படிக்கும் காலத்திலும் அரை நாள் வேலையோ, வீட்டிலிருந்து சிறு கணக்கு வேலையோ வைத்துக்கொள்வது நல்லது. காலை ஐந்து முதல் ஆறரை, மதியம் ஒன்றரை மணி நேரம் என்று மூன்று மணி நேரம் படித்தால் மிச்ச நாள் இருக்கிறது.

கோர்ஸ், 'வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம்'

இப்போதுதான் கோர்ஸ் பேச்சு வருகிறது. பணம் கட்டும் முன் உங்கள் பயண எல்லைக்குள் வந்திருக்கும் இருபது வேலை விளம்பரங்களைச் சேகரியுங்கள். தினசரியின் வரி விளம்பரம், வாட்ஸ்அப் குரூப், கடை வாசலில் ஒட்டிய 'ஆட்கள் தேவை' எல்லாம் சேர்த்துத்தான். எந்தத் திறன் எத்தனை தடவை வருகிறது என்று குறியுங்கள். பில்லிங், டேலி, டெலிகாலிங் என்று உங்கள் ஊரின் தேவை தெரிந்துவிடும். ஊரில் யாரும் கேட்காத கோர்ஸுக்கு 40,000 கட்டுவதைவிட, கேட்கும் கோர்ஸுக்கு 6,000 கட்டுவது மேல். 'நூறு சதவீதம் வேலை உத்தரவாதம்' என்ற இடத்தில், போன வருடம் படித்த மூன்று பேரின் எண்ணைக் கேளுங்கள். தயங்கினால் வெளியே வந்துவிடுங்கள்.

வீட்டிலிருந்து டேட்டா என்ட்ரி என்று வரும் விளம்பரங்களைக் குறித்துக் கடுமையாகவே எச்சரிக்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அவை குறிவைப்பதே வீட்டில் இருக்கும் படித்த பெண்களை. பதிவுக் கட்டணம் வாங்குவார்கள், அல்லது இலவசம் என்று சொல்லி ஆதாரும் கையெழுத்தும் வாங்குவார்கள். பத்து நாளில் ஆயிரம் பக்கம் என்பது போல முடிக்கவே முடியாத வேலை வரும். பிறகு தப்பு அதிகம், ஒப்பந்தத்தை மீறினீர்கள், நஷ்டஈடு கட்டுங்கள் என்று 'வக்கீல் நோட்டீஸ்' வாட்ஸ்அப்பில் வரும். பயந்து பணம் கட்டாதீர்கள், வீட்டில் மறைக்கவும் வேண்டாம். 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள். உண்மையான வேலை கொடுப்பவர் உங்களுக்குப் பணம் தருவார், உங்களிடம் வாங்க மாட்டார்.

காகிதங்கள்

பெண்களுக்கு மட்டுமே வரும் ஒரு சிக்கல் இன்ஷியல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் அப்பா இன்ஷியல், கல்யாணத்துக்குப் பிறகு ஆதாரில் கணவர் பெயர், பான் கார்டில் இன்னொரு மாதிரி. வேலையில் சேர்ந்த முதல் மாதம் பிஎஃப் கணக்கில் பெயர் பொருந்தாமல் நிற்கும், அரசு வேலையென்றால் சான்றிதழ் சரிபார்ப்பில் நிற்கும். எளிய வழி, சான்றிதழில் உள்ள பெயரையே ஆதார், பான், வங்கி மூன்றிலும் வைத்துக்கொள்வது. கணவர் பெயர் ஆதாரில் முகவரிப் பகுதியில் இருந்தால் போதும். ஆதாரில் பெயரை இரண்டு தடவைதான் மாற்ற முடியும், ஆகவே எழுத்துப் பிழையில்லாமல் யோசித்துச் செய்யுங்கள். கணவர் பெயரோடுதான் இனி எல்லாம் என்று முடிவு செய்தால் அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிட்டு, அந்தப் பிரதியைச் சான்றிதழ்களோடு வைத்திருக்க வேண்டும்.

கல்யாணத்துக்கு முன் வேலை பார்த்திருந்தால் பழைய யுஏஎன் எண்ணை (பிஎஃப்புக்கான நிரந்தர எண்) தேடி எடுங்கள். ஆளுக்கு ஒரு யுஏஎன்தான், புதிய நிறுவனத்தில் சேரும்போது படிவம் 11இல் பழையதையே எழுதுங்கள். பழைய நிறுவனம் நீங்கள் வேலையை விட்ட தேதியைப் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கடைசிப் பங்களிப்பு முடிந்து இரண்டு மாதத்துக்குப் பிறகு நீங்களே இணையத்தில் போட்டுக்கொள்ளலாம். பழைய பணத்தை எடுக்காமல் விட்டிருந்தால் நல்லதாகப் போயிற்று. பத்து வருடப் பணிக்காலம் சேர்ந்தால்தான் 58 வயதில் ஓய்வூதியம், நடுவில் இடைவெளி இருந்தாலும் முன்பு செய்த வருடங்கள் கூட்டலில் வரும். ஓய்வூதியப் பங்கையும் சேர்த்து எடுத்துவிட்டால் அந்த வருடங்கள் போய்விடும்.

பயோடேட்டாவில் இடைவெளியை மறைக்க வேண்டாம். '2019–2024 குழந்தை வளர்ப்பு' என்று ஒரே வரி போதும், அதற்குக் கீழே இப்போது கற்றதை எழுதுங்கள். தேதிகளை இழுத்து எழுதினால் பிஎஃப் பதிவில் மாட்டிக்கொள்வீர்கள்.

நேர்காணலிலும் முதல் மூன்று மாதத்திலும்

குழந்தையை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று உங்களைக் கட்டாயம் கேட்பார்கள். "என் அத்தை வீட்டில் இருக்கிறார், அவருக்கு முடியாவிட்டால் பக்கத்து வீட்டில் ஏற்பாடு இருக்கிறது" என்று இரண்டு வாக்கியத்தில் முடித்துவிட்டு வேலை பற்றிப் பேசுங்கள். பிறகு நீங்கள் கேட்க வேண்டியவை: சனிக்கிழமை முழு நாளா, சொன்ன நேரத்துக்கு விடுவீர்களா, மாதத்தில் நேரமாகும் நாட்கள் எவை, பிஎஃப், ஈஎஸ்ஐ முதல் மாதத்திலிருந்தா, சம்பளம் எத்தனாம் தேதி. 20 பேரோ அதற்கு மேலோ இருந்தால் பிஎஃப், 10 பேரோ அதற்கு மேலோ இருந்தால் சம்பளம் 21,000 வரை ஈஎஸ்ஐ பொருந்தும். 'ஆறு மாதம் போகட்டும்' என்பது சரியான பதில் அல்ல. 10 பேர் வேலை செய்யும் இடத்தில் பாலியல் புகார்க் குழுவும் இருக்க வேண்டும். வெளியே வரும்போது அங்கே வேலை செய்யும் ஒரு பெண்ணிடம் "நேத்து எத்தனை மணிக்குக் கிளம்பினீங்க?" என்று கேளுங்கள். மேனேஜர் சொன்னதைவிட இந்தப் பதில் நம்பத் தகுந்தது.

இன்னொரு குழந்தை பற்றிய எண்ணம் இருந்தால் தேதிகளைக் கவனியுங்கள். நிறுவனமே தரும் 26 வாரச் சம்பள விடுப்புக்கு (ஈஎஸ்ஐயில் இருப்பவர்களுக்குக் கணக்கு வேறு), பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் அந்த நிறுவனத்தில் குறைந்தது 80 நாள் வேலை செய்திருக்க வேண்டும்.

சேர்ந்த முதல் மாதம் வீடு கலைந்துதான் கிடக்கும், பிள்ளை அழும், சாம்பாருக்குப் பதில் ரசமும் அப்பளமும் இருக்கும். முதல் மாதத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். மூன்றாம் மாதக் கடைசியில் அதே நோட்டில் இன்னொரு ஏழு நாளை எழுதி, நினைத்ததற்கு மேல் எத்தனை மணி நேரம் போகிறது, கையில் நிற்பது எவ்வளவு என்று போட்டுப் பாருங்கள். நேரம்தான் இடிக்கிறதென்றால் வேலையை விடும் முன், அரை மணி முன்னால் வந்து அரை மணி முன்னால் போகலாமா என்று கேளுங்கள். மூன்று மாதம் ஒழுங்காக வந்த ஆளை இழக்க விரும்பாதவர்கள் பலர் இதற்குச் சம்மதிப்பார்கள். மரியாதை இல்லாத இடம், சம்பளம் இழுக்கும் இடம் என்றால் அடுத்ததைத் தேடிக்கொண்டு, ரிலீவிங் லெட்டர் வாங்கிக்கொண்டு விடுங்கள்.